மலைக்காற்றும் மாத்திரையும்

எலும்புருக்கி என்று அந்த நோய்க்குப் பெயர் வைத்தனர் நம் நாட்டார். பெயரிலேயே படம் இருக்கிறது. ஆளை ஒரே அடியில் வீழ்த்தும் நோயன்று அது. தசையைத் தின்று, குருதியைக் குடித்து, கடைசியில் எலும்பையும் உருக்கிவிட்டு ஓயும் நோய். வந்தவர் மீள்வது அரிது என்பதனால் வாய்விட்டு அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சினர். இருமும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தனர். இருமும் ஆடவனுக்குத் திண்ணையில் தனிப் பாய் விரித்தனர். ஏன் வந்தது என்று கேட்டால், விதி என்றனர்; முன்வினை என்றனர்.

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், பெர்லின் நகரத்து அறிஞர் அவையில் ராபர்ட் கோக் எழுந்து, கோல் வடிவான கிருமி ஒன்றே காசநோய்க்குக் காரணம் என்று மெய்ப்பித்துக் காட்டினார். விதியின் கணக்கில் எழுதப்பட்டிருந்த கொலைகளெல்லாம் ஒரு கிருமியின் கணக்குக்கு மாற்றப்பட்டன. காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் மருந்து? 1890இல் அதே கோக், தாமே கண்ட டியூபர்குலின் நோயைத் தீர்க்கும் என்று அறிவித்தார். தீர்க்கவில்லை. நோயைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் அது பயன்பட்டது. பேரறிஞரும் பிழைபடுவர் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

மருந்தில்லாத மருத்துவம் என்ன செய்யும்? ஓய்வு என்றது, தூய காற்று என்றது, பால், முட்டை, வெண்ணெய் என்றது. மலைச்சாரல்களில் சானடோரியங்கள் எழுந்தன. அங்கே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். படுத்திருப்பவனுக்குக் கூலி யார் தருவார், அவன் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவார் என்ற கேள்வி மருத்துவ நூலில் இல்லை. செல்வர் ஏறினர் மலைக்கு. மற்றவர் ஏறினர் பாடைக்கு.

நம்மவர் ஒருவரே இத்துறையில் பெயர் பெற்றிருந்தார். டாக்டர் சவுரி முத்து இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தினார். கணித மேதை இராமானுஜன் 1917இல் நோயுற்றபோது அங்கே கிடத்தப்பட்டார் என்பதைப் பலர் அறியார். அவருக்கு வந்தது காசநோய்தானா என்று பிற்கால மருத்துவர்கள் ஐயுறுகின்றனர். ஆனால் அன்று காசநோயாளியாகவே நடத்தப்பட்டார். தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டு வயதில் கண்மூடினார். டாக்டர் சவுரி முத்துவோ தாயகம் வந்து, 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். அந்தப் பெயர் ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. அவர் செய்தது நற்பணி, ஐயமில்லை. எனினும், இலட்சக்கணக்கில் இருமிய நாட்டில் படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. இந்தக் கணக்கை எந்த நற்பணியாலும் நேர்செய்ய முடியவில்லை.

முதல் மருந்து 1943இல் அமெரிக்காவில் பிறந்தது. வாக்ஸ்மன் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1948இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தோர் 4. வெறும் ஓய்வு பெற்ற 52 பேரில் இறந்தோர் 14. ஆனால் ஊசியாகவே போட வேண்டிய மருந்து அது. காதைக் கெடுக்கும், தலைசுற்றல் தரும். அதற்கும் மேலாக, தனியே கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அதற்குப் பழகிவிடும். சுவீடனில் லேமன் கண்ட பாஸ் என்னும் மருந்தைத் துணைக்குச் சேர்த்தபோது கிருமியின் அந்தச் சூழ்ச்சி முறிந்தது.

பிறகு வந்தது ஐசோனியசிட். அதன் கதையை நினைத்தால் சினமும் வரும், சிரிப்பும் வரும். 1912இலேயே பிராக் நகரில் மேயர், மாலி என்ற இருவர் பட்டத்துக்கான ஆய்வில் அப்பொருளைச் செய்துவிட்டனர். செய்தனர், எழுதினர், அலமாரியில் வைத்தனர். நாற்பது ஆண்டு அது அங்கே உறங்கிற்று. வெளியே கோடிக்கணக்கானோர் செத்தனர். 1950களின் தொடக்கத்தில் மூன்று மருந்துக் கம்பெனிகள், ஒன்றை ஒன்று அறியாமல், ஏறத்தாழ ஒரே காலத்தில் அதன் ஆற்றலைக் கண்டன. காப்புரிமை கேட்கலாம் என்று பார்த்தால், பழைய பொருள், எவருக்கும் உரிமையில்லை! பிராக் நகரத்து மாணவர் இருவர் அறியாமலே ஏழைக்குச் செய்த உதவி அது. மருந்து மலிவாயிற்று. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில், சாவை எதிர்பார்த்துக் கிடந்தோர் பசிக்கிறது என்று எழுந்து உண்டனர்; கூடத்தில் ஆடிய புகைப்படங்கள் இதழ்களில் வந்தன.

மாத்திரை கிடைத்தது. மலை வேண்டுமா, வேண்டாமா? அதைச் சோதிக்கத் துணிந்த இடம் இலண்டன் அன்று, நியூயார்க் அன்று, நமது சென்னை. 1956இல், இராமானுஜன் உயிர்நீத்த அதே சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கினர். ஒரு கூறு சானடோரியத்துக்கு. மறு கூறு தங்கள் சொந்த வீட்டுக்கு. வீடு என்று நாம் எழுதுகிறோம். பெரும்பாலும் அது நெருக்கடி மிகுந்த சிறு குடில். இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோனியசிட்டும் பாஸும்.

1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர் குணமடைந்தனர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். வேறுபாடு சிறிது. சானடோரியத்தார் நன்றாக உண்டனர், எடை கூடினர், ஓய்ந்திருந்தனர். வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், கூடுதலாக உழைத்தனர்; இருந்தும் மருந்து தன் வேலையைச் செய்தது. பாலும் முட்டையும் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். அவை இல்லாத காரணத்தால் ஒருவன் சாகவேண்டியதில்லை என்பதே பொருள். அடுத்திருப்போர்க்குத் தொற்றாதா என்று கேட்டனர். ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தனர். வீட்டு நோயாளியின் குடும்பத்தார்க்கு நோய் கூடுதலாக வரவில்லை. தொற்ற வேண்டியது நோய் கண்டறியப்படும் முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரவுதல் குன்றிவிடுகிறது. திண்ணையில் விரித்த தனிப் பாய்க்கு இனி வேலையில்லை.

ஆனால் நன்மை செய்யும் மருந்து தீமையும் செய்யும். இதை மறைப்பவன் மருத்துவனல்லன், விளம்பரக்காரன். பாஸ் நாளொன்றுக்குப் பத்துக் கிராம் விழுங்க வேண்டிய மருந்து. வாயைக் கசக்கும், வயிற்றைக் குமட்டும். அதை நீக்கி ஐசோனியசிட்டை மட்டும் கூடுதல் அளவில் கொடுத்தால் என்ன என்று சென்னையிலேயே அடுத்த ஆய்வு நடந்தது. இரு உண்மைகள் வெளிப்பட்டன. ஒன்று: தனி மருந்து கூட்டு மருந்துக்கு ஈடாகவில்லை. எனினும் அதே அளவை இரு வேளையாகப் பிரிப்பதைவிட ஒரே வேளையில் கொடுத்தது மேலாக இருந்தது. குருதியில் மருந்து ஒருமுறை உயர்ந்து எழும் உச்சமே கிருமியை அடிக்கிறது. நாளெல்லாம் சிறிதாக நிற்பது அவ்வளவாக அடிப்பதில்லை.

இரண்டாவது, நோயாளிகளின் கால் சொன்ன உண்மை. கூடுதல் அளவு உண்டவர்களில் சிலருக்கு உள்ளங்கால் எரிந்தது. பிறகு குறுகுறுத்தது, பிறகு மரத்தது. காசநோயிலிருந்து மீண்டு வண்டியிழுக்கப் போக வேண்டியவனுக்குக் கால் எரிந்தால் மீட்சி எங்கே? ஐசோனியசிட் உடலிலுள்ள பி-6 என்னும் வைட்டமினைப் பற்றிக்கொண்டு சிறுநீர்வழி வெளியேறுகிறது. வறுமையுணவில் முன்பே குறைவாயிருந்த அந்த வைட்டமின் இன்னும் குறைய, நரம்பு வாடுகிறது. நாளுக்கு வெறும் 6 மில்லிகிராம் பி-6 சேர்த்தாலே போதும் என்று சென்னை நிலையம் 1963இல் அறிவித்தது. கருவுற்றோர், நீரிழிவினர், குடிப்பழக்கமுடையோர், ஊட்டமில்லாதோர் ஆகியோருக்கு இந்தத் துணை மருந்து மிகவும் தேவை.

எரிந்த கால்கள் எல்லாருடையவையும் அல்ல. ஏன் சிலருக்கு மட்டும்? இங்கேதான் சுவையான செய்தி. விழுங்கிய ஐசோனியசிட் ஓரிரு மணி நேரத்தில் குருதியில் உச்சத்தைத் தொடுகிறது. உடலெங்கும், மூளையைச் சூழ்ந்த நீருக்குள்ளும் புகுகிறது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி, அசிடைல் என்னும் கூறினை அதனோடு ஒட்டி, அதை வலுவிழக்கச் செய்து, சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. சிலரிடம் இந்த நொதி விரைந்து உழைக்கும்: ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் குருதியிலுள்ள மருந்து பாதியாகிவிடும். மற்றவரிடம் மெல்ல உழைக்கும்: பாதியாக மூன்று மணி நேரமளவு பிடிக்கும். மெல்லக் கழிப்பவர் உடலில் மருந்து நெடுநேரம் நிற்பதால் நரம்புத் தொல்லையும் அவர்களுக்கே மிகுதி. இது பிறவியிலேயே பெற்றோரிடமிருந்து வரும் பண்பு என்பதை 1960இல் விளக்கினர். தென்னிந்திய நோயாளிகளில் பத்தில் ஆறு பேர் அளவுக்கு மெல்லக் கழிப்போர். ஜப்பானியரில் பத்தில் ஒருவர் அளவே.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் விரைவோனாகவும் தம்பி மெல்லோனாகவும் இருக்கலாம். குலமும் கோத்திரமும் பார்த்துப் பெண் எடுத்தோர் வீட்டிலும் இதே கதைதான். கல்லீரல் பஞ்சாங்கம் படிப்பதில்லை.

நாள்தோறும் மருந்துண்டால் இரு சாராரும் குணமடைகின்றனர். வாரம் ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோதோ, விரைவோர் பின்தங்கினர். ஆயினும் வாரம் இருமுறை, நிலையத்துக்கே வரவழைத்து, கண்முன் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உயர் அளவு ஐசோனியசிட்டும் கொடுத்த முறை, நாள்தோறும் வீட்டில் விழுங்கும் முறைக்குச் சற்றும் குறைவில்லை என 1964இல் கண்டனர். கண்முன் கொடுப்பானேன்? வீட்டில் விழுங்கினேன் என்றவர்களின் மாத்திரைகளை முன்னறிவிப்பின்றிப் போய் எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும் பார்த்த ஃபாக்ஸ், உண்ணாமல் விட்டவை பல என்பதை 1958இலேயே எழுதியிருந்தார். இருமல் நின்றதும் மருந்து நிற்பது மனித இயல்பு. இதை நோயாளியின் குற்றமென்று ஏசுவோரை நாம் ஏற்பதற்கில்லை. பகற்கூலியை இழந்து வரிசையில் நிற்பவனைக் கேட்டால் காரணம் தெரியும்.

கால் மட்டுமன்று, கல்லீரலும் இலக்காவதுண்டு. 1970இல் வாஷிங்டனில், நோய் வராமல் தடுக்க ஐசோனியசிட் உண்ட அரசு ஊழியர் 2,321 பேரில் 19 பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது, இருவர் இறந்தனர். அதுவரை ஏறக்குறையத் தீங்கற்றது என்று எண்ணப்பட்ட மருந்து! வயது ஏற ஏற இத்தீங்கு மிகும். மதுவும் சேர்ந்தால் மேலும் மிகும். கண் மஞ்சளானாலோ, பசி அற்று வாந்தி தொடர்ந்தாலோ மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரைக் காண வேண்டும் என்று எச்சரிப்பது அதன்பின் வழக்கமாயிற்று. வலிப்புக்கு ஃபெனிடாயின் உண்போர்க்கு வேறொரு தொல்லை: ஐசோனியசிட் அம்மருந்து கழிவதைத் தடுத்து, அதன் அளவைக் குருதியில் ஏற்றிவிடும், மெல்லோரிடம் இது கடுமை.

பின்னர் ரிஃபாம்பிசின் வந்து, ஓராண்டுக்கும் மேல் நீண்ட மருத்துவம் ஆறு மாதமாகச் சுருங்கிற்று. ஐசோனியசிட் இன்றும் அந்தக் கூட்டில் இருக்கிறது. நோயும் இருக்கிறது, உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். சேத்துப்பட்டு நிலையமும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் இயங்குகிறது. அங்கே அண்மைக் காலத்தில் குழந்தைகளின் குருதியில் மருந்தை அளந்து பார்த்தனர். சிறு பிள்ளைகள், பெரியவர்களைவிட விரைவாக ஐசோனியசிட்டைக் கழித்துவிடுகின்றனர். எடைக்கேற்பப் பெரியவர் அளவையே கொடுத்தால் அவர்களுக்கு அது எட்டுவதில்லை. பெரியவர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். குழந்தைக்கு இப்போது 10.