புட்டியின் தக்கையும் இடுக்கியின் நுனியும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் அமைந்திருக்கும் ஊர் பெரியகல்லாறு. அங்கே சிப்பியோ துருப்பிடித்த ஆணியோ காலில் தைத்துவிட்டால், வைத்தியசாலையில் ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றுவது வழக்கம். தாதி ஓர் உறையைக் கிழித்துப் புதிய ஊசியை எடுக்கிறார். அக்கணமே உறை குப்பைக்குப் போய்விடுகிறது. ஆனால் அந்த உறைக்கு ஒரு வரலாறு உண்டு. அது உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற வரலாறு.

1896ஆம் ஆண்டில் பம்பாய் நகரைக் கொள்ளைநோய் பற்றிக்கொண்டது. ஒதெசா நகரிற் பிறந்த வால்டெமார் ஹாஃப்கின் என்னும் அறிஞர் அதற்கு ஒரு தடுப்புமருந்தை ஆக்கினார். 1897ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே ஏற்றிச் சோதித்தார். பின்னர் இலட்சக்கணக்கான மக்கள் அதனை ஏற்றுக்கொண்டனர்.

1902ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபிலுள்ள முல்கோவால் என்னும் கிராமத்தில் 107 பேருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவர்களுட் சிலருக்குத் தாடை இறுகிற்று. உடல் வில்லாக வளைந்தது. ஏற்புவலியால் 19 பேர் மாண்டனர். அவர்கள் அனைவரும் 53 என் என்ற இலக்கமிட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். ஏனைய புட்டிகளின் மருந்தைப் பெற்றோருக்கு இத்தீங்கு நேரவில்லை.

பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. மருந்திற் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் பழைய முறையைக் கைவிட்டு, அவர் வெப்பத்தினாலே கிருமியழிக்கத் தொடங்கியிருந்தார். புட்டி திறக்கப்படுவதற்கு முன்னரே மருந்து கெட்டிருந்தது என்று விசாரணைக்குழு முடிவு கூறியது. அவர் பதவியை இழந்தார்.

ஆயினும் சாட்சியத்தில் ஒரு சிறு செய்தி புதைந்து கிடந்தது. மருந்தேற்றும் வேளையில் உதவியாளர் ஒருவரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது. அதனை நெருப்பிற் காட்டித் தூய்மை செய்யாமலே, அந்தப் புட்டியின் தக்கையை அகற்ற அவர் பயன்படுத்தினார். ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் மண்ணில் உறைபவை என்பதை மருத்துவர் அறிவர். அக்கிருமி பல நாட்களாகப் புட்டிக்குள் வளர்ந்திருப்பின் துர்நாற்றம் எழுந்திருக்கும். புட்டியைத் திறந்த மருத்துவரோ அத்தகைய நாற்றம் எதனையும் உணரவில்லை. மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ரொனால்ட் ரொஸ் முதலிய அறிஞர்கள் இவற்றை எடுத்துக்காட்டி 1907ஆம் ஆண்டில் அவருக்காகக் குரல் கொடுத்தனர். அவ்வாண்டிலேயே ஹாஃப்கின் குற்றமற்றவராக ஏற்கப்பட்டார். அவர் நிறுவிய பம்பாய் ஆய்வுகூடம் 1925ஆம் ஆண்டு முதல் அவர் பெயரையே தாங்கி வருகின்றது.

முல்கோவால் புகட்டும் பாடங்கள் இரண்டு. தூய்மை என்பது ஆய்வுகூடத்தோடு முடிவதன்று. மூடியைத் திறக்கும் கைவரை அது தொடரவேண்டும் என்பது ஒன்று. புட்டியின் மேல் இலக்கம் இருந்தமையாற்றான் தீங்கின் ஊற்றைக் காண முடிந்தது என்பது மற்றொன்று. இன்று சத்திரசிகிச்சைக் கருவி ஒவ்வொன்றின் உறையிலும் தொகுதி இலக்கம் அச்சிடப்படுவதன் பயனும் இதுவே. உறையின் ஒட்டுவாய் பிளந்திருப்பதாக ஓரிடத்தில் ஐயம் எழுந்தால், அத்தொகுதி சென்ற வைத்தியசாலைகள் அனைத்துக்கும் அறிவித்து, கருவிகளை மீளப்பெற அந்த இலக்கம் வழிகாட்டுகின்றது. நோயாளி எவரும் கெடுவதற்கு முன்னரே மீளப்பெறுவதுதான் இம்முறையின் சிறப்பு.

மூடியின் சிறு மாற்றமும் பெருங்கேடு விளைக்கும் என்பதை 1971ஆம் ஆண்டில் அமெரிக்கா கண்டது. நரம்பு வழியே ஏற்றும் திரவப் புட்டிகளின் திருகுமூடியில், உட்பூச்சுத் தகடு புதிய பொருளுக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கே தங்கிய கிருமிகள் திரவத்திற் கலந்து, பல வைத்தியசாலைகளில் நோயாளரின் குருதியை நஞ்சாக்கின. மருந்தின் கலவையில் எவ்விதப் பிழையும் இல்லை. பிழை மூடியில் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அப்புட்டிகள் மீளப்பெறப்பட்டன.

கொதிநீர் மட்டும் ஏற்புவலி வித்துகளை அழித்துவிடும் என்று நம்புதல் தகாது. அழுத்த நீராவியில் 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடமேனும் கருவி இருத்தல் வேண்டும். அவ்வாறு தூய்மையாக்கிய பின்னரும் உறை நனைந்தாலோ கிழிந்தாலோ தூய்மை போய்விடும். ஈரத்தின் வழியே கிருமி எளிதில் உட்புகும். வாவிக்காற்றும் கடற்காற்றும் ஈரத்தைச் சுமந்துவரும் பெரியகல்லாறு போன்ற ஊர்களில் இக்கவனம் இருமடங்கு தேவை.

ஆதலின் உறையைக் கிழிக்குமுன் தாதி அதனை ஒருமுறை திருப்பிப் பார்ப்பாராயின், அது வீண் தாமதமன்று. முல்கோவாலில் அந்த இடுக்கிக்குக் கிடையாமற்போன ஒரு கணம் அது.