அரைப் பெடலும் அஞ்சு மில்லிமீட்டரும்

போன மாசம் ஒரு வெட்டிச் செலவு பண்ணினேன். முட்டி வலிக்குதுன்னு சைக்கிளோட கிராங்கை மாத்தினேன்.

கிராங்க்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பெடலையும் நடு அச்சையும் சேர்க்கிற அந்த நீட்டுக் கைதான் கிராங்க். என் வண்டியில இருந்தது 170 மில்லிமீட்டர். அதைக் கழட்டிட்டு 165 போட்டேன். வித்தியாசம் அஞ்சு மில்லிமீட்டர், ஒரு பென்சிலோட தடிமன்கூட வராது. ஏன் பண்ணினேன்? டாடெய் பொகாச்சார் 2024ல டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சப்ப 165 கிராங்க் போட்டிருந்தார், அதுக்கு முன்னாடி வரைக்கும் 172.5. அவருக்கே அதுன்னா, 157 சென்டிமீட்டர் உயரம் இருக்கிற எனக்கு இன்னும் நல்லதுதானேன்னு ஒரு கணக்கு.

சனிக்கிழமை விடியக்காலை தல்லாகுளத்துல கிளம்பி, புதூர், மூன்றுமாவடி தாண்டி அழகர்கோவில் போற ரோடு எங்க வழக்கமான ரூட். மலையடிவாரம் வரைக்கும் பெரிய மேடே கிடையாது. புது கிராங்கோட போனேன். திரும்பி வரும்போது அதே முட்டி, அதே வலி.

செல்லூர் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடை. அங்க இருந்த அண்ணன்கிட்ட கதையைச் சொன்னேன். அவர் கிராங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கல. "ஏம்மா, சீட்டை ஏன் இவ்ளோ கீழ வெச்சிருக்க?" உட்கார்ந்தபடியே ரெண்டு காலும் தரையில ஊணணும்னு நான்தான் இறக்கி வெச்சிருந்தேன். ரெண்டு விரற்கடை ஏத்தி விட்டார். ரெண்டு வாரத்துல வலி போச்சு.

அப்போ கிராங்க் நீளம் ஒரு விஷயமே இல்லையா? இன்னைக்கு எபிசோட் இதுதான். பதில் தேடிப் போனா, கதை எங்க வீட்டு அடுப்படியில வந்து நின்னுச்சு.

முதல்ல கணக்கு

170ல இருந்து 165க்கு வந்தா, அதே மேட்டை ஏற கால் சுமார் 3 சதவீதம் கூடுதலா அழுத்தணும். நெம்புகோல் கொஞ்சம் சின்னதாகுது, அவ்வளவுதான். பின் சக்கர ஃப்ரீவீல்ல 18 பல்லுக்குப் பதிலா 19 பல் போட்டா மிதி 5 சதவீதத்துக்கு மேல லேசாகும். அதாவது ஒரே ஒரு பல், அஞ்சு மில்லிமீட்டர் கிராங்கைவிடப் பெரிய மாற்றம்.

2001ல மார்ட்டின், ஸ்பிர்டுசோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. பயிற்சி எடுத்த 16 சைக்கிள் வீரர்கள். 120, 145, 170, 195, 220 மில்லிமீட்டர்னு அஞ்சு கிராங்குகள். யாரால அதிகபட்சம் எவ்வளவு சக்தி கொடுக்க முடியுதுன்னு அளந்தாங்க. கிராங்க் ஏறக்குறைய ரெண்டு மடங்கு நீளமாகியும், நல்லா வந்ததுக்கும் மோசமா வந்ததுக்கும் வித்தியாசம் சுமார் 4 சதவீதம்தான். 145க்கும் 170க்கும் நடுவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல.

ஆனா அதே ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு. அதிகபட்ச சக்திக்குப் பொருத்தமான கிராங்க், ஓட்டறவரோட கால் நீளத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. எங்க அப்பாவோட பழைய சைக்கிள் கிராங்கை டேப் வெச்சு அளந்தேன்: ஆறரை இன்ச், அதாவது 165 மில்லிமீட்டர். அஞ்சால பெருக்கினா 82.5 சென்டிமீட்டர் கால். ஒரு வளர்ந்த ஆம்பளையோட கால்.

அப்போ வீட்டுல மத்தவங்க?

அளவு எப்போ தொலைஞ்சது?

ஆரம்பத்துல சைக்கிள் ஆளுக்கேத்த மாதிரிதான் இருந்தது. 1870கள்ல வந்த அந்தப் பெரிய முன்சக்கர சைக்கிள் ஞாபகம் இருக்கா? அதுல செயின் கிடையாது. பெடல் நேரா முன்சக்கர அச்சுலயே இருக்கும். சக்கரம் பெருசானா வேகம் கூடும், ஆனா உங்க கால் எட்டற அளவுக்குத்தான் சக்கரத்தைப் பெருசாக்க முடியும். அதனால வாங்கறவர் தன் கால் நீளத்தைப் பார்த்துத்தான் சக்கரம் வாங்கணும், சட்டை தைக்க அளவு கொடுக்கிற மாதிரி.

1885ல ஜான் கெம்ப் ஸ்டார்லியோட ரோவர் 'சேஃப்டி' சைக்கிள் வந்தது. ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நடுவுல செயின். வேகத்தை இப்போ பல் சக்கரம் பார்த்துக்கிச்சு, கால் நீளத்துக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்து போச்சு. எங்க ஃபீல்டு பாஷையில சொன்னா, ரெண்டு மாட்யூலைப் பிரிச்சுட்டாங்க. அதனால ஒரே வண்டியை ஆயிரக்கணக்குல செஞ்சு, யாருக்கு வேணும்னாலும் விக்க முடிஞ்சது. சைக்கிள் விலை குறைஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா அதே சமயம் அந்த 'யாரோ' யாருங்கிறதும் முடிவாயிடுச்சு.

நம்ம ஊருக்கு வந்தது இங்கிலாந்து ரோட்ஸ்டர்: ராலே, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, ஹம்பர். சுதந்திரத்துக்குப் பிறகு அதே வடிவத்தை இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1949ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து மெட்ராஸ்ல டிஐ சைக்கிள்ஸ் தொடங்கினாங்க. வடக்கே 1951ல அட்லஸ், 1956ல லூதியானாவுல ஹீரோ. இருபத்தெட்டு இன்ச் சக்கரம், கனமான ஃப்ரேம், காட்டர் பின் அடிச்ச கிராங்க். நெல் மூட்டை, பால் கேன், பூக்கூடை எல்லாத்தையும் சுமந்த வண்டி அது. செல்லூர் அண்ணன் சொன்னார்: "22 இன்ச்சா 24 இன்ச்சான்னு ஃப்ரேம் சைஸ் கேப்பாங்கம்மா. கிராங்கு என்ன சைஸுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான்."

அரைப் பெடல்

கால் எட்டாதவங்க சும்மா இருந்தாங்களா? இல்ல. குரங்கு பெடல் கண்டுபிடிச்சாங்க.

வாடகை சைக்கிள் கடையில சின்னப் பசங்களுக்குக் கால் சைக்கிள், அரை சைக்கிள் இருக்கும். மட்கார்டுல நம்பர், நோட்டுல பேரும் நேரமும். ஆனா வீட்டுல நிக்கிறது அப்பாவோட பெரிய வண்டி. சீட்டுல உட்கார்ந்தா கால் தொங்கும். அதனால முக்கோண ஃப்ரேமுக்குள்ள ஒரு காலை விட்டு, ஒரு கை ஹேண்டில்பார்ல, இன்னொரு கை சீட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓட்டறது. 2024ல கமலக்கண்ணன் இயக்கத்துல இதே பேர்ல ஒரு படமே வந்தது.

அதுல முதல் பாடம் அரைப் பெடல். பத்து வயசுப் பையனுக்குக் கால் 65 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. அஞ்சுல ஒரு பங்கு 130 மில்லிமீட்டர். அவன் மிதிக்கிறதோ 165, கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. கூடவே உடம்பு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. முழு வட்டம் சுத்த முடியாது. அதனால பாதி தூரம் கீழ மிதிச்சுட்டு, பெடலைப் பின்னாடி சுத்தி மேல கொண்டு வந்து, மறுபடி பாதி மிதிப்பான். இது நடக்கக் காரணம் ஃப்ரீவீல்: பின்னாடி சுத்தினா கடகடன்னு சத்தம் மட்டும் வரும், சக்கரம் தன் பாட்டுக்கு ஓடும். வண்டியை மாத்த முடியாத பிள்ளைங்க, மிதிக்கிற விதத்தை மாத்திக்கிட்டாங்க. என் பார்வையில இதைவிட நல்ல ஒர்க்கரவுண்ட் எங்க ஆபீஸ்லயும் யாரும் எழுதினதில்ல.

அம்மா சொன்னது

இந்த எபிசோடுக்காக வீட்டுல கிராங்கை அளந்துக்கிட்டிருந்தப்ப, அடுப்படியில இருந்து அம்மா கேட்டாங்க: "அதை எதுக்கு அளக்குற? நான் அந்த மாதிரி வண்டியிலதான் கத்துக்கிட்டேன்."

எனக்கு இது தெரியவே தெரியாது.

அம்மா ஊர் திருமயம் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம். 1991ல அங்க அறிவொளி இயக்கம் நடந்துக்கிட்டிருந்தப்ப, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோட சைக்கிளையும் சேர்த்தாங்க. காரணம் ரொம்ப நேரடியானது. பாடம் சொல்லிக் கொடுக்கிற பெண்கள் உள்கிராமங்களுக்குப் போகணும். பஸ் கிடையாது, வீட்டு ஆம்பளைங்க கொண்டுபோய் விடணும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பத்தி விரிவா எழுதியிருக்கார். சைக்கிள் நிகழ்ச்சிகள்ல 70,000 பெண்களுக்கு மேல ஓட்டிக் காட்டினாங்க. ஊர்ல கேலி, கெட்ட பேச்சு எல்லாம் இருந்தது. அதையும் மீறித்தான் ஓட்டினாங்க.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். அத்தனை பேருக்கு லேடீஸ் சைக்கிள் கிடைக்கல. ஜென்ட்ஸ் சைக்கிள்லயே ஓட்டினாங்க. சில பெண்கள் அதுதான் வேணும்னும் சொல்லியிருக்காங்க, பார்ல குழந்தையை உட்கார வெச்சுக்கலாம்னு. என் சூத்திரப்படி அந்த வண்டி அவங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. பார் உயரம், சீட் உயரம், கிராங்க், எதுவுமே.

"கால் எட்டுச்சாம்மா?"

"எங்க எட்டுச்சு? பெடல் கீழ போறப்ப ஒரு பக்கமா சரிஞ்சு சரிஞ்சு மிதிப்பேன். மூணு நாள்ல பழகிருச்சு."

"கல்யாணம் ஆகி மதுரைக்கு வந்தப்புறம் ஏன் ஓட்டல?"

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "இங்க ஒரு சைக்கிள்தான் இருந்துச்சு. அது உங்கப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போறது."

கிராங்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

அப்போ பதில்?

165ஆ 170ஆங்கிற கேள்வி, சைக்கிள் ஏற்கெனவே பொருந்தற ஒருத்தருக்கு வர்ற கேள்வி. அவங்களுக்கு என் பதில்: முதல்ல சீட்டைச் சரி பண்ணுங்க, காசை மிச்சம் பண்ணுங்க. இடுப்பு மடங்கவே கஷ்டப்படறவங்களுக்கும், ரொம்பக் குள்ளமானவங்களுக்கும் சின்ன கிராங்க் நிஜமாவே உதவும். சீட்டை ஏத்திச் சரி பண்ணிக்கிட்டா, அஞ்சு மில்லிமீட்டர் குறைச்சதுக்குப் பெடல் உச்சியில முட்டிக்குப் பத்து மில்லிமீட்டர் இடம் கிடைக்கும்.

பத்து வயசுப் பையனுக்கும், திருமயத்துல பதினெட்டு வயசுப் பொண்ணுக்கும் வித்தியாசம் அஞ்சு மில்லிமீட்டர் இல்ல, அதைவிட ரொம்ப அதிகமா இருந்திருக்கும். அது நிச்சயமா உடம்பை வருத்தியிருக்கும். ஆனா அவங்களை அது நிறுத்தல. மூணு நாள்ல பழகிக்கிட்ட அம்மாவை முப்பது வருஷம் நிறுத்தினது, வண்டி யாரோடதுங்கிற கேள்வி. அதுக்கு மில்லிமீட்டர்ல அளவு கிடையாது.

போன ஞாயித்துக்கிழமை என் சைக்கிள் சீட்டைக் கீழ இறக்கி, அம்மாகிட்ட கொடுத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு எங்க தெருவுல ரெண்டு சுத்து போனாங்க. இறங்கி, "பிரேக் நல்லாருக்கு"ன்னாங்க. புது கிராங்க் எப்படின்னு நானும் கேட்கல.

இந்த வாரம் உங்க வீட்டுல அம்மா, அத்தை, பாட்டி யார்கிட்டயாவது கேளுங்க: சைக்கிள் ஓட்டத் தெரியுமா, யாரோட சைக்கிள்ல கத்துக்கிட்டீங்க, எப்போ நிறுத்தினீங்கன்னு. கேட்டதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, சேர்த்து ஒரு எபிசோட் போடுவோம். அதுவரைக்கும், சீட்டை ஒரு தடவை சரி பார்த்துக்கோங்க.