ஈடுசெய் புகைப்பு

வீரியம் குறைந்த சிகரெட்டுக்கு மாறுபவர், பழகிய அளவு நிகோடினைப் பெறத் தம்மையறியாமல் புகைக்கும் முறையை மாற்றிக்கொள்வது. இழுப்பு ஆழமாகும், புகை நெஞ்சில் கூடுதல் நேரம் தங்கும், எண்ணிக்கையும் ஏறலாம். பஞ்சு முனையைச் சுற்றியுள்ள நுண்துளைகள் காற்றைக் கலந்து புகையை நீர்க்கச் செய்பவை. புகையிலுள்ள நிகோடினை அளக்கும் சோதனை இயந்திரம் அவற்றை மூடுவதில்லை. விரலும் உதடும் மூடிவிடுகின்றன. இயந்திரம் காட்டும் குறைந்த அளவு மனித நுரையீரலுக்குப் பொருந்தாததற்கு இது முக்கியக் காரணம்.

கும்பகோணத்து டீக்கடைகளிலும் சுற்றுவட்டார வயல் வரப்புகளிலும் புகையும் பீடி இதற்கு நெருங்கிய சான்று. சிகரெட்டைவிட அதில் புகையிலை குறைவு. ஆனால் பீடி இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. இடைவெளி விட்டால் அணைந்துவிடும். ஆகவே அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. உடலில் சேரும் நஞ்சு குறைவதில்லை.

வீரியம் குறைவு என்று நம்பவைக்கும் ‘லைட்’, ‘மைல்டு’ போன்ற ஏமாற்றுச் சொற்களைப் புகையிலைப் பொருள்களின் அட்டையில் அச்சிட இந்தியாவின் 2008 விதிகள் தடை விதித்தன.