அடுப்பிலிருந்து வளர்ந்த கோயில்

காசியில் கரண்டி பிடித்துச் சிவனுக்கே அன்னமிடுபவள் அன்னபூரணி. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு காஞ்சிக் காமாட்சிக்கு. இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறம் வளர்த்த அவள்தான் திருவண்ணாமலைக்கு வந்து, பவழக்குன்றில் தவமிருந்து இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்கிறது தலபுராணம். கார்த்திகைத் தீபத்தன்று மாலை, மலைமேல் தீபம் ஏறும் வேளையில், அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் ஆடி வந்து காட்சி தருவது அதன் பொருட்டே.

அதே பவழக்குன்றுக்கு 1898இல் இன்னொரு தாய் வந்தார். இரண்டாண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுப் போன மகனை அழைத்துப்போக வந்த அழகம்மாள். பிச்சைச் சோற்றில் வாழ்ந்த அந்த மகன், பின்னாளில் ரமண மகரிஷி, அசையவில்லை. தாய் அழுதுகொண்டே திரும்பினார்.

ரமணருக்குச் சோறு போட்டவர்களில் துணையற்ற பெண்கள் பலர். மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்தவர் கீரைப்பாட்டி. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மண்டகொளத்தூர் எச்சம்மாள் கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். தூக்குப் பாத்திரத்தோடு மலையேறத் தொடங்கியவர், 1945இல் கண்மூடும்வரை அந்தக் கைங்கரியத்தை விடவில்லை.

1916இல் அழகம்மாள் மகனோடு தங்கவே வந்துவிட்டார். மலையில் மகன் தங்கியிருந்த கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். ஊருக்குள் போய்ப் பிச்சை வாங்கி வந்து பகிர்ந்துண்ட கூட்டத்துக்கு அன்றுதான் சமையல் என்ற ஒன்று வந்தது.

1922 மே 19இல் அவர் மறைந்தார். மலையின் தென்னடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அதன்மேல் கீற்றுக்கொட்டகை, அதைச் சுற்றி ரமணாசிரமம். அந்தச் சமாதிமேலேயே 1939இல் வைத்தியநாத ஸ்தபதி கருங்கல்லில் எழுப்பத் தொடங்கிய மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949 மார்ச் 17இல் கும்பாபிஷேகம். கருவறையில் லிங்கத்தோடு ஸ்ரீசக்ர மேருவும் உண்டு. வெள்ளிக்கிழமைகளிலும் பௌர்ணமியிலும் அதற்குப் பூஜை.

கோயில் எழும் முன்பே சமையற்கட்டு பெருகிவிட்டது. விடியுமுன் ரமணரே அங்கே உட்கார்ந்து காய் நறுக்குவார். சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள் போன்ற பெண்கள் அவர் சொன்ன பக்குவத்தில் சமைத்தார்கள். தம் இலைக்கு மட்டும் எதையாவது கூடுதலாக வைத்தால் கடிந்துகொள்வார். சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் பரிமாறிய பிறகே உள்ளே பந்தி என்பதும் அவர் காலத்து ஏற்பாடு. இன்றும் முற்பகலில் அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலிலோ, 2022 டிசம்பர் 31 முதல் நாள் முழுவதும் அன்னதானம்.