ஓரம் இழந்த ஓவியங்கள்

முகலாயச் சிற்றோவியம் சுவருக்காகப் பிறந்ததன்று. கையில் ஏந்திப் பார்ப்பதற்குரியது. தாளில் ஒட்டி, 'ஹாஷியா' எனும் ஓரத்தைப் பூவேலையால் அணிசெய்து, ஏடாகத் தொகுத்தனர். அத்தொகுப்பு 'முரக்கா' எனப்பட்டது. 'ஒட்டுப்போட்டது' என்பதே அவ்வரபுச் சொல்லின் பொருள். ஜஹாங்கீரின் குல்ஷன் தொகுப்பில் ஓரங்களிலும் மனித உருவங்கள் உலவுகின்றன.

1760களில் வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனையில், மரியா தெரேசாவுக்காக இத்தகைய ஓவியங்கள் வெட்டப்பட்டு, துண்டுகள் இணைக்கப்பட்டு, பொன்முலாம் பூசிய வளைசட்டங்களுக்குள் பதிக்கப்பட்டன. சட்டத்திற்காக ஓவியம் குறைந்தது.

இன்று வீடுகளுக்கு வந்துள்ள 'ஃப்ளோட்டிங் ஃபிரேம்' இதற்கு நேர்மாறானது: விளிம்பை மறைக்காமல், சுற்றிலும் சிறு இடைவெளி விட்டு ஓவியத்தை நிறுத்துகிறது. விளிம்பும் ஓவியத்தின் வரலாறே; அதை வெட்டும் கை சான்றையும் வெட்டிவிடுகிறது.