கணினிப் பெட்டிக்குள் ஒரு வரலாறு



வரலாறு என்றால் அரசர்களும் கோட்டைகளும் போர்களும் என்றே நாம் பாடப் புத்தகத்தில் படித்து வந்திருக்கிறோம். நம் வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிற கணினிப் பெட்டிக்குள்ளேயும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் உழைத்துச் சேர்த்த பணம் மிச்சமாகும். ஆகவேதான் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் அதைப் பற்றி எழுத முற்பட்டேன்.

"சார், கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு. கடையில கேட்டா, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கங்கறாங்க. என்ன சார் செய்யறது?" புக்கிட் செந்தோசா பக்கத்துப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. இதற்கு நான் ஒரு கேள்வியைத்தான் பதிலாகச் சொல்வேன். தோட்டத்திலே ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோமே, டயர் தேய்ந்தால் என்ன செய்தோம்? டயரை மாற்றினோம். செயின் தொங்கினால் செயினை மாற்றினோம். வண்டியையேவா வீசினோம்? மேசைக் கணினியும் அப்படிப்பட்ட ஒரு வண்டிதான். ஆனால் அது தானாக அப்படி அமைந்துவிடவில்லை.

திறந்த பெட்டி பிறந்த கதை

1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்ற சிறு கணினி விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் அதில் வேண்டிய மின்னணு அட்டைகளைச் செருகிக்கொள்ளலாம். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் இப்படி அட்டை செருகுவதற்கு எட்டு இடங்கள் இருந்தன. இந்த இடங்களைச் செருகுவாய் என்று சொல்லலாம்.

1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் பீசியை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவுக்குக் கொடுக்கப்பட்ட காலம் ஏறக்குறைய ஓராண்டுதான். எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்து கொண்டிருந்தால் காரியம் ஆகாது. எனவே கணக்குப் போடும் செயலியை இன்டெல்லிடம் வாங்கினார்கள். இயக்கும் மென்பொருளை மைக்ரோசாப்டிடம் வாங்கினார்கள். பெட்டிக்குள் ஐந்து செருகுவாய்கள் வைத்தார்கள். அதோடு நிற்காமல், உள்ளே எது எதோடு இணைகிறது என்பதை விளக்கும் வரைபடங்களைப் புத்தகமாகவே அச்சிட்டு விற்றார்கள்.

இதனால் விளைந்தது என்ன? வீட்டைக் கட்டியவன் சாவியை ஊராரிடம் கொடுத்த மாதிரி ஆயிற்று. பெரிய நிறுவனம், சின்னக் கடை என்றில்லாமல் எவரும் அந்தப் பெட்டிக்கு உறுப்புகள் செய்யலாம் என்றாகிவிட்டது.

அந்த முதல் பீசியின் அடிப்படை நினைவகம் வெறும் 16 கிலோபைட். இன்றைய முறைப்படி ஒரு தமிழெழுத்தைச் சேமிக்க மூன்று பைட்டாவது வேண்டும். நீங்கள் படித்துக் கொண்டிருக்கும் இந்தக் கட்டுரைகூட அதில் முழுதாக அடங்காது! ஆனால் தாய்ப்பலகையில் கூடுதல் சில்லுகளைப் பொருத்தி அதை 64 கிலோபைட் ஆக்கலாம். மேலும் வேண்டுமென்றால் அட்டை வாங்கிச் செருகலாம். முதல் நாளிலிருந்தே அது வளரும் பிள்ளையாகத்தான் பிறந்தது.

தாய்மொழிக்காக ஓர் அட்டை

இந்தத் திறந்த கதவின் வழியே நம் பக்கத்து நாட்டுக்காரர்களும் உள்ளே நுழைந்தார்கள். தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவர் தம் ஆய்வேட்டைத் தாய்லாந்து மொழி எழுத்தில் தயாரிக்க விரும்பினார். ஐ.பி.எம். பீசியின் திரையில் அந்த எழுத்துகள் தெளிவாக வரவில்லை. அவர் என்ன செய்தார்? கணினியைக் குறை சொல்லிக் கொண்டிருக்கவில்லை. எழுத்தைத் துல்லியமாகக் காட்டும் ஓர் அட்டையைத் தாமே வடிவமைத்தார். 1982இல் தொடங்கிய அவருடைய நிறுவனத்தின் ஹெர்குலிஸ் அட்டை, பிற்பாடு உலகமெங்கும் விற்பனையாயிற்று.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். தாய்மொழியில் எழுத வேண்டும் என்ற ஆசை ஒரு புதிய உறுப்பையே கணினிக்குக் கொடுத்தது! தாய்லாந்து எழுத்தைப் போலவே நம் தமிழெழுத்துக்கும் சுழியும் வளைவும் உண்டு. நம் மலேசியாவிலேயே முத்து நெடுமாறன் அவர்கள் 1985இல் முரசு என்ற மென்பொருளை உருவாக்கித் தமிழைக் கணினியில் ஏற்றியதும் இதே காலகட்டத்தில்தான்.

சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ இன்னொரு சான்று. 1981இல் சைனாடவுன் பகுதியில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றைத் தொடங்கியவர் அவர். ஆப்பிள் 2 கணினிக்குக் கூடுதல் நினைவக அட்டை செய்து விற்றார். 1989இல் அவருடைய கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டைதான், அதுவரை கீச்சுக்கீச்சென்று கத்திக் கொண்டிருந்த கணினியை ஒழுங்காகப் பாடவும் பேசவும் வைத்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார்.

பினாங்கும் தொழிலாளர் கைகளும்

"இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். அப்படியல்ல. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்துத் தொழிற்சாலையைப் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொடங்கியது. 1975இல் அந்தத் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று; மீண்டும் எழுந்து நின்றது. அமெரிக்காவில் உருவான சில்லுகளை உறையிலிட்டு, மெல்லிய கம்பி பொருத்தி, சோதித்து அனுப்பும் வேலை அங்கே நடந்தது. ஏ.எம்.டி., ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்களும் அங்கே வந்தன. அந்தத் தொழிற்சாலைகளில் பூதக்கண்ணாடிக்கு முன் கண் வலிக்க உட்கார்ந்து உழைத்தவர்கள் பெரும்பாலும் நம் நாட்டு இளம்பெண்களே.

இந்திய வம்சாவளியினர் இருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1993இல் வெளிவந்த பென்டியம் செயலியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் வினோத் தாம். இன்று எந்தப் பொருளையும் கணினியோடு இணைக்கிறோமே யு.எஸ்.பி. செருகி, அதை 1996இல் கொண்டு வந்த குழுவின் முக்கியப் பொறியாளர் அஜய் பட்.

தொழிலாளர் பற்றிய இன்னொரு செய்தி. 1987இல், நினைவகச் சில்லுகளுக்குப் பஞ்சம் வந்த வேளையில், ஜான் டூ, டேவிட் சன் என்ற சீன வம்சாவளியினர் இருவர் அமெரிக்காவில் கிங்ஸ்டன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். கணினிக்குக் கூடுதல் நினைவகப் பலகை செய்வதே அதன் தொழில். 1996இல் நிறுவனத்தின் பெரும் பகுதியை விற்றபோது, 10 கோடி டாலரைத் தம் தொழிலாளர் சுமார் 500 பேருக்குப் போனஸாக ஒதுக்கினார்கள். பால் வெட்டியும் குலை சுமந்தும் வாழ்ந்த நமக்கு இந்தச் செய்தியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

கதவைச் சாத்தியவர்கள்

திறந்த கதவை மூடப் பார்த்தவர்களும் உண்டு. 1984இல் வந்த ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷ் கணினியில் செருகுவாயே கிடையாது. நினைவகச் சில்லுகளைப் பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். 1987இல் ஐ.பி.எம். நிறுவனமே மனம் மாறியது. பீ.எஸ்.2 என்ற புதிய கணினி வரிசையில் வேறு வகைச் செருகுவாயை வைத்து, மற்றவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் உரிமைப் பணம் கட்ட வேண்டும் என்றது. மற்ற நிறுவனங்கள் பணிந்தனவா? இல்லை. 1988இல் காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் ஒரு பொதுமுறையை அறிவித்தன. ஊர் கூடித் தேர் இழுத்தது! 2005இல் ஐ.பி.எம். தன் பீசி வணிகத்தையே லெனோவோவுக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

1992இல் பி.சி.ஐ. என்ற செருகுவாயும், 1995இல் ஏ.டி.எக்ஸ். என்ற பெட்டி அளவுமுறையும் வந்தன. இவற்றால் ஒரு நிறுவனத்தின் பெட்டியில் மற்றொரு நிறுவனத்தின் தாய்ப்பலகை கச்சிதமாகப் பொருந்தலாயிற்று. கோலாலம்பூர் இம்பி பிளாசாவிலும், 1999இல் திறக்கப்பட்ட லோ யாட் பிளாசாவிலும் உறுப்புகளைத் தனித்தனியாக விலை பேசி வாங்க முடிந்தது இந்தப் பொதுமுறைகளால்தான்.

வெள்ளி விழுந்த காலம்

1997ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியை நம் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா பக்கத்தில் கட்டிய வீடுகள் பல ஆளில்லாமல் கிடந்த காலம் அது. அவ்வாண்டின் நடுவில் 100 டாலர் பெறுமான ஒரு பொருளுக்குச் சுமார் 250 வெள்ளி கொடுத்தோம். 1998 ஜனவரியில் அதே பொருள் 450 வெள்ளியையும் தாண்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு டாலர் 3.80 வெள்ளி என்று அரசாங்கம் நிலைநிறுத்திய பிறகும், அந்தப் பொருளின் விலை 380 வெள்ளி.

கணினி உறுப்புகள் எல்லாம் டாலர் விலைப் பொருள்கள். இந்த நேரத்தில் முழுக் கணினி வாங்கப் போனவருக்கு எல்லா உறுப்பிலும் அடி விழுந்தது. ஒரு நினைவகப் பலகையை மட்டும் மாற்றியவருக்கு ஒரே ஓர் அடியோடு போயிற்று. திறக்க முடிகிற பெட்டி ஏழைக்குப் பாதுகாப்பு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இன்று நாம் செய்ய வேண்டியது

இப்போது மறுபடியும் ஒரு சோதனை வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பெரும்பாலும் 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின் வந்த செயலிகளையே ஏற்கிறது. நன்றாக ஓடுகிற கணினிகளும் "காலாவதி" என்று முத்திரை குத்தப்படுகின்றன. பல மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பற்றவைத்தே விற்கிறார்கள். அதே 2025இன் இறுதியில் நினைவகத்தின் விலையும் கடுமையாக ஏறியது.

பதறாத காரியம் சிதறாது. முதலில் நோய் எதுவென்று பாருங்கள். கணினியின் நினைவகம், கடையில் ராம் என்பார்களே, அது எழுதுகிற மேசை. வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், புத்தக அலமாரி. மேசை சிறிதானால் புத்தகத்தை எடுக்கவும் வைக்கவுமாக அலமாரிக்கும் மேசைக்கும் ஓடியே பொழுது போய்விடும். பழைய வன்தட்டில் சுழலும் தகடும் அதன்மேல் அசையும் ஊசிக்கையும் உண்டு. ஒரு தகவலைத் தேடி எடுக்க ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். எஸ்.எஸ்.டி. எனப்படும் வட்டில் அசையும் பாகமே இல்லை. அதே வேலையை ஏறக்குறைய நூறு மடங்கு விரைவாகச் செய்துவிடும். எனவே பழைய வன்தட்டில் ஓடும் கணினிக்கு முதலில் பார்க்க வேண்டிய மருந்து எஸ்.எஸ்.டி.; மேசை போதாமலிருந்தால் அடுத்த மருந்து ராம்.

விண்டோஸ் 11 ஏறாத கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளை அதில் ஏற்றலாம். பிள்ளை கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் அது போதும்.

கடைக்குப் போகுமுன் சில செய்திகளை மனத்தில் வையுங்கள். ராமில் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 எனத் தலைமுறைகள் உண்டு. ஒன்றின் வெட்டு மற்றொன்றின் செருகுவாயில் பொருந்தாது. அழுத்தித் திணித்தால் இரண்டும் கெடும். ஆகவே பழைய பலகையைக் கையோடு எடுத்துப் போவது நலம். தாய்ப்பலகை எவ்வளவு நினைவகத்தை ஏற்கும் என்று கேளுங்கள். எதைத் தொடுமுன்பும் பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்குங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். மின்சாரம் வழங்கும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் பிரிக்கவே கூடாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளே ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

மாணவச் செல்வங்களே! பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் தம் தாய்மொழிக்காக அட்டை செய்தார். பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர் கணினிக்குக் குரல் கொடுத்தார். நம் நாட்டுப் பெண்களின் கைகள் சில்லுகளுக்குக் கம்பி பொருத்தின. இவர்கள் எல்லாரும் பெட்டியைத் திறந்து பார்க்கத் துணிந்ததாலோ, பிறர் திறந்து வைத்த பெட்டியாலோதான் இவ்வளவும் நடந்தது. ஆகவே, "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளையைப் பெற்றோர்கள் அதட்டாதீர்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஒரு திருப்புளியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். அந்தப் பிள்ளையின் கல்விக்கு அதுவே நீங்கள் தரும் நல்ல பரிசாகும்.