சட்டத்தால் மூட முடியாத குடில்



2007-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபக் கூட்டத்தில் ஒரு விவாதம் நடந்தது. அதைக் கொண்டு வந்தவர் மார்க் பிரிட்சார்டு எனும் உறுப்பினர். பொருள், கிறிஸ்தவ வெறுப்பு. கிறிஸ்து பிறப்பு விழாவிலிருந்து கிறிஸ்துவையே ஓரங்கட்டும் போக்கு நாட்டில் வளர்கிறதே என்பது அவரது கவலை.

பாராளுமன்றத்தில் கிறிஸ்துமஸைப் பற்றி விவாதமா என்று நாம் வியக்கலாம். ஆனால் அதே வெஸ்ட்மின்ஸ்டரில் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விழா விவாதப் பொருளாயிற்று. அன்று பேசியவர்கள் விழாவைக் காக்கப் பேசவில்லை, ஒழிக்கவே பேசினார்கள்! அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது இந்த யூபிலி ஆண்டில் நமக்குப் பயன் தரும்.

விருந்து நாள் நோன்பு நாளானது

1642-இல் இங்கிலாந்தில் அரசர் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. பாராளுமன்றத்தில் மேலோங்கி நின்றவர்கள் 'பியூரிட்டன்கள்' எனப்பட்ட தூய்மைவாதிகள். கிறிஸ்து பிறந்த நாள் இன்னது என்று வேதாகமத்தில் இல்லை என்பது அவர்களது முதல் வாதம். 'கிறிஸ்துமஸ்' என்னும் பெயரிலேயே 'மாஸ்', அதாவது திருப்பலி, ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே இது பாப்பரசரின் மார்க்கத்தின் எச்சம் என்பது இரண்டாவது வாதம். அன்று மக்கள் குடித்தும் சூதாடியும் கிறிஸ்துவை அவமதிக்கிறார்கள் என்பது மூன்றாவது.

1644-இல் டிசம்பர் 25 புதன்கிழமையன்று வந்தது. மாதந்தோறும் கடைசிப் புதன் நாட்டுக்கே நோன்பு நாள் என்பது அன்றைய விதி. விருந்தா, நோன்பா? நோன்புதான் என்று பாராளுமன்றம் டிசம்பர் 19-இல் கட்டளையிட்டது. முன்னோர் இவ்விழாவில் செய்த பாவங்களுக்காகவும் அன்று மனம் வருந்த வேண்டும் என்றும் சொல்லிற்று.

1647 ஜூன் மாதத்தில் முழுத்தடை வந்தது. கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, பெந்தெகொஸ்தே ஆகிய பெருவிழாக்கள் ஒழிக்கப்பட்டன. வேலையாட்களும் மாணவரும் ஓய்வு நாளை இழந்ததற்கு ஈடாக, மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடுமுறை தரப்பட்டது. இயேசு பாலனுக்குப் பதிலாக ஒரு செவ்வாய்க்கிழமை!

இத்தடையை ஆலிவர் கிராம்வெல் தனியொருவராகக் கொண்டு வந்தார் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கலாம். அது சரியன்று. அவர் நாட்டின் காப்பாளராகப் பதவியேற்றது 1653-இல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே பாராளுமன்றம் தடை விதித்துவிட்டது.

மக்கள் சொன்ன பதில்

அதே 1647 டிசம்பர் 25-ஆம் நாள். காண்டர்பரி நகரில், வழக்கம்போல் சந்தை கூட வேண்டும், கடைகள் திறக்க வேண்டும் என்று நகர மேயர் ஆணையிட்டார். சிலர் மட்டுமே திறந்தனர். மக்கள் திரண்டு வந்து மூடச் சொன்னார்கள். மறுத்த கடைகளின் சரக்குகள் வீதியில் இறைந்தன. தெருக்களில் பந்து விளையாடினார்கள். வாசல்களில் பசுந்தழைகளைக் கட்டினார்கள். கலகத்தில் மேயரும் தாக்கப்பட்டார். இலண்டனிலும் கார்ன்ஹில் தெருவின் நீர்த்தொட்டியை இளைஞர்கள் தழைகளால் அலங்கரித்தார்கள். அவற்றைப் பிடுங்க நகரத் தலைவரே வர வேண்டியதாயிற்று.

காண்டர்பரிக் கலகக்காரர்களைத் தண்டிக்க 1648-இல் முயன்றபோது, நடுவர் குழுவினர் குற்றஞ்சாட்ட மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய கொதிப்பு கென்ட் மாவட்டமெங்கும் பரவிப் பெரும் கிளர்ச்சியாயிற்று. அதை அடக்கப் படையே வந்தது. கடைகளை அடித்துச் சூறையாடுவது கிறிஸ்துவின் வழியல்ல என்பது உண்மை. ஆயினும், மக்களின் நெஞ்சில் வேரோடிய விழாவை ஒரு தாளால் பிடுங்க முடியாது என்பதற்கு இது சான்று.

அடைத்த கடைகளும் காலி இருக்கைகளும்

இந்த வரலாற்றில் சுவையான நாள் 1656 டிசம்பர் 25. அன்றும் பாராளுமன்றம் கூடியது. ஆனால் இருக்கைகள் பலவும் காலி! இவ்விழாவை அனுசரிப்பதால்தான் உறுப்பினர்களே வரவில்லை என்று நொந்துகொண்ட ஒருவர், இனி இதைத் தடுக்க ஒரு மசோதா கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். அக்கம்பக்கத்தாரின் விழா ஏற்பாடுகளால் இரவெல்லாம் தூக்கமே இல்லை என்று முறையிட்டார் இன்னொருவர். கோபுரக் கோட்டையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை நடந்தாலும் திறந்த கடை ஒன்றையும் காணோம் என்ற பேச்சும் எழுந்தது. இவற்றையெல்லாம் தாமஸ் பர்ட்டன் எனும் உறுப்பினர் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்பது ஆண்டுத் தடைக்குப் பின்னும் இலண்டன் மாநகரம் கடையடைத்து விழாக் கொண்டாடியது என்று, தடை செய்தவர்களின் வாயாலேயே கேட்கிறோம்!

ஆனாலும் துன்பம் இல்லாமல் இல்லை. 1657-இல் இதே நாளில் ஜான் ஈவ்லின் எனும் அறிஞர் இலண்டனில் ஒரு சிற்றாலயத்தில் நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தபோது, படைவீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவரும் மற்றவர்களும் பிடித்து வைத்து விசாரிக்கப்பட்டார்கள். அவர் நமது பிரிந்த சகோதரர்களாகிய ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்.

கத்தோலிக்கரின் நிலையோ இன்னும் கொடியது. அவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள் மட்டுமல்ல, எல்லா நாளும் திருப்பலி குற்றமே. வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் ஏழைகளுக்கும் கொள்ளைநோயாளருக்கும் பணிசெய்த புனித ஜான் சவுத்வொர்த் அடிகள், தாம் குருவானவர் என்பதை மறுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று நீதிபதிகளே மன்றாடியும் மறுக்கவில்லை. 1654 ஜூன் 28-இல் டைபர்னில் கொல்லப்பட்டார். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவரது திருவுடல் இன்று வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், பாராளுமன்றத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இளைப்பாறுகிறது.

1660-இல் முடியாட்சி திரும்பியதும் அந்தத் தடைச் சட்டங்கள் செல்லாதவையாயின. விழா மட்டும் நிலைத்து நின்றது. கத்தோலிக்கர் அந்தப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக அமர 1829 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நமக்கு ஒரு பாடம்

நமது உரிமைகளுக்காக மன்றங்களில் பேசுவோர் பேசட்டும், அது தேவை. ஆனால் விழாவைக் காப்பாற்றியது எந்த மன்றமும் அல்ல. வாசலில் தழை கட்டிய குடும்பங்களும், அஞ்சாமல் நற்கருணை வாங்கச் சென்றவர்களும், உயிர் கொடுத்த குருக்களுமே காப்பாற்றினார்கள். சட்டம் அழிக்க முடியாததைச் சட்டம் மட்டுமே வாழவைக்கவும் முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தூய்மைவாதிகளின் மூன்றாவது வாதத்தில் உண்மை இருந்தது. குடியும் சூதும் அன்றும் இருந்தன. இன்று நமது தெருக்களில் இல்லையா? புத்தாடையும் பலகாரமும் வெடியும் தயாராகிவிட, நள்ளிரவுத் திருப்பலிக்கு வருமுன் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றோமா? அடுத்த வீட்டு ஏழையின் அடுப்பு எரிந்ததா? எந்தப் பாராளுமன்றமும் தடை விதிக்காமலேயே, நாமே இவ்விழாவிலிருந்து கிறிஸ்துவை வெளியேற்றிவிட முடியும். சத்திரத்தில் இடமில்லை என்று முதலில் சொன்னது அரசன் அல்ல, பெத்லகேம் ஊரார்தானே!

நமது பங்கின் இந்த யூபிலி ஆண்டில், குடில் கட்டும் இளைஞர்களும் விண்மீன் தொங்கவிடும் சிறுவர்களும் இந்த வரலாற்றை அறிந்துகொள்ளட்டும். அவர்கள் கையிலுள்ள வைக்கோலும் காகித விண்மீனும் எளியவைதான். அவற்றின் பின்னே உள்ள விசுவாசத்துக்காகச் சிறை சென்றோர் உண்டு. சிரம் கொடுத்தோரும் உண்டு. அந்த விசுவாசம் நம் இல்லங்களில் குறையாதிருக்க இயேசு பாலன் அருள்வாராக!